மோனிகா ஸ்பியர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையத்தில் மோனிகா ஸ்பியர் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது 2014 ஜனவரிச் செய்திதான். ஒரு நெடுஞ்சாலை, பழுதாகி நின்ற கார், துப்பாக்கிச் சூடு. அந்த இரவைப் பற்றியும் கீழே எழுதியிருக்கிறேன், விட்டுவிட முடியாது. ஆனால் 29 வயதுக்குள் அவர் செய்து முடித்த வேலை கொஞ்சமல்ல. அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த இரவுக்கு வருவதுதான் முறை என்று நினைக்கிறேன். அதனால் கேள்விகளை அந்த வரிசையில் வைத்திருக்கிறேன்.

மோனிகா ஸ்பியர் யார்?

வெனிசுலா நாட்டு நடிகை. 2004-இல் 'மிஸ் வெனிசுலா' பட்டம் வென்றவர். அடுத்த ஆண்டு பாங்காக்கில் நடந்த பிரபஞ்ச அழகிப் போட்டியில் கடைசி ஐந்து பேரில் ஒருவராக நின்றவர். அதன்பிறகு தொலைக்காட்சித் தொடர்களுக்கு வந்து, ஏழெட்டு ஆண்டுகளில் லத்தீன் அமெரிக்கா முழுவதும் தெரிந்த முகமானார். 1984 அக்டோபர் 1 அன்று பிறந்தார். 2014 ஜனவரி 6 அன்று கொல்லப்பட்டார்.

முழுப்பெயர் 'மோனிகா ஸ்பியர் மூட்ஸ்' என்று சில இடங்களில் வருகிறதே?

ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழக்கம் அது. ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள் இருக்கும். முதலில் அப்பா வழிப் பெயர், அடுத்து அம்மா வழிப் பெயர். ஸ்பியர் அப்பா வழி, மூட்ஸ் அம்மா வழி. இரண்டுமே ஸ்பானிஷ் பெயர்கள் போல ஒலிக்காததால்தான் பலருக்கும் குழப்பம்.

மரகைபோவில் பிறந்தவர், போட்டியில் 'மிஸ் குவாரிக்கோ' ஆனது எப்படி?

மரகைபோ நாட்டின் மேற்கே, சூலியா மாநிலத்தில் ஏரிக்கரையில் இருக்கும் எண்ணெய் நகரம். குவாரிக்கோ மாநிலமோ நாட்டின் நடுவே, கால்நடை மேயும் பெரிய புல்வெளிப் பகுதி. இரண்டுக்கும் நடுவில் நீண்ட தூரம். ஆனால் மிஸ் வெனிசுலா போட்டியில் மாநிலப் பட்டையை அணிவதற்கு அந்த மண்ணில் பிறந்திருக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. தேர்வான பெண்களுக்கு எந்த மாநிலப் பட்டை என்பதை அமைப்பே முடிவு செய்யும். அப்படிக் கிடைத்த குவாரிக்கோ பட்டையோடுதான் 2004 செப்டம்பர் 23 அன்று தலைநகர் கராகஸ் மேடையில் மோனிகா கிரீடம் சூடினார். இருபதாவது பிறந்தநாளுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

அந்த நாட்டில் அழகிப் போட்டிக்கு அவ்வளவு மதிப்பா?

ஆமாம். மோனிகாவின் கதை புரிய வேண்டுமானால் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

மிஸ் வெனிசுலா போட்டி 1952-இல் தொடங்கியது. மூன்றே ஆண்டுகளில், 1955-இல், சுசானா துயிம் உலக அழகிப் பட்டத்தை வாங்கி வந்தார். லத்தீன் அமெரிக்காவுக்கே அது முதல் உலக அழகிப் பட்டம். அன்று பற்றிக்கொண்ட ஆர்வம் அணையவே இல்லை. இதுவரை பிரபஞ்ச அழகிப் பட்டம் 7 முறை, உலக அழகிப் பட்டம் 6 முறை வெனிசுலாவுக்குப் போயிருக்கிறது. (உலக அழகியில் இந்தியாவுக்கும் அதே 6.) 1981-இல் இரண்டு கிரீடங்களும் ஒரே ஆண்டில் வந்தன. 2008, 2009 என அடுத்தடுத்து இரண்டு பிரபஞ்ச அழகிகளையும் அந்த நாடு கொடுத்தது. வேறு எந்த நாடும் அப்படித் தொடர்ச்சியாக வென்றதில்லை.

இதெல்லாம் தானாக நடக்கவில்லை. கியூபாவில் பிறந்த ஒஸ்மெல் சோசா என்பவர் 1981 முதல் 2018 வரை அந்த அமைப்பை நடத்தினார். கராகஸில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு வீடு, அதுதான் தலைமையகம். பெண்கள் மாதக்கணக்கில் அங்கே பயிற்சி எடுப்பார்கள். நடை, பேச்சு, மேடையில் நிற்கும் விதம், உடற்பயிற்சி, உணவுக் கட்டுப்பாடு, பல் சீரமைப்பு. தேவை என்று பட்டால் அறுவை சிகிச்சையும் உண்டு. அதை யாரும் மறைப்பதில்லை. சோசாவே வெளிப்படையாக ஆதரித்துப் பேசியிருக்கிறார். ஒரு பெண்ணின் உடம்பை இப்படித் திருத்தித் திருத்திச் செதுக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் இறுதிச் சுற்று இரவில் நாடே தொலைக்காட்சி முன் உட்காருவதும், ஏழைக் குடும்பத்துப் பெண்ணுக்கும் அது மேலே ஏறும் ஓர் ஏணியாக இருந்ததும் உண்மை. கிரீடம் கிடைத்தவர்களுக்கு அடுத்த கதவு பெரும்பாலும் தொலைக்காட்சிதான்.

பிரபஞ்ச அழகிப் போட்டியில் என்ன ஆனது?

2005 மே 31 அன்று பாங்காக்கில் இறுதிச் சுற்று. 81 நாடுகளின் பெண்கள் கலந்துகொண்டார்கள். மோனிகாவுக்கு ஐந்தாவது இடம். பட்டம் கனடாவின் நதாலி க்ளெபோவாவுக்குப் போனது. வேறு எந்த நாடாக இருந்தாலும் ஐந்தாவது இடத்தைக் கொண்டாடியிருப்பார்கள். வெனிசுலாவில் முதலிடத்தைத் தவிர மற்றதெல்லாம் தோல்விக் கணக்கில் சேரும்.

நடிக்கத் தெரிந்து வந்தாரா, அழகிப் பட்டத்தை வைத்து வந்தாரா?

பட்டம் கதவைத் திறந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் உள்ளே போனபோது வெறுங்கையோடு போகவில்லை. குடும்பம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குக் குடிபெயர்ந்திருந்தது. அங்கே, ஒர்லாண்டோவில் உள்ள மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் நாடகக் கலை படித்தவர் மோனிகா. அழகியாக இருந்து நடிகையானவர் என்று அவரைச் சொல்வதைவிட, நடிகையாகப் படித்து நடுவில் அழகிப் பட்டம் வென்றவர் என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

தெலெநோவெலா என்கிறார்களே, அது என்ன?

லத்தீன் அமெரிக்காவின் தினசரித் தொடர். வார நாட்களில் இரவுதோறும் ஒரு மணி நேரம் ஓடும். ஆனால் வருடக்கணக்கில் இழுக்காது. நூறு, நூற்றைம்பது அத்தியாயங்கள், சில நேரம் கொஞ்சம் கூட. முதல் நாளே முடிவை நோக்கித்தான் கதை கிளம்பும். கடைசி வாரத்தில் ஊரே பேசும். அதனால் அங்கே நாயகியாக நடிப்பவருக்குச் சில மாதங்களில் ஒரு முழு வாழ்க்கையைக் காட்டிவிட வேண்டிய பொறுப்பு. படப்பிடிப்பும் அந்த வேகத்தில்தான் நடக்கும்.

அவருடைய முதல் தொடர்கள் எவை?

2006-இல் 'எல் தெஸ்ப்ரேசியோ' தொடரில் ஒரு துணை வேடம். ஆர்சிடிவி என்ற தொலைக்காட்சி தயாரித்தது. இதில் கவனிக்க ஒன்று உண்டு. மிஸ் வெனிசுலா போட்டியை ஒளிபரப்புவது வெனெவிசியோன் என்ற தொலைக்காட்சி. ஆர்சிடிவி அதன் நேர்ப் போட்டியாளர். ஒரு வீட்டில் கிரீடம் வாங்கிவிட்டு எதிர்வீட்டில் வேலைக்குச் சேர்ந்தது போலத்தான்.

அடுத்த ஆண்டே நாயகி. 'மி பிரிமா சியேலா' என்ற தொடர். பெரியப்பா மகளோ மாமா மகளோ, எந்த வழியில் வந்த உறவாக இருந்தாலும் பெண்ணாக இருந்தால் ஸ்பானிஷில் 'பிரிமா'தான். ஆக, 'என் பிரிமா சியேலா' என்று வைத்துக்கொள்ளலாம். ரத்தப் புற்றுநோயோடு போராடும் இளம்பெண் கிரசியேலா. வீட்டில் எல்லோருக்கும் சியேலா. 22 வயதில் அந்த வேடத்தை ஏற்றார். ஜோடியாக நடித்தவர் மனுவேல் சோசா.

அந்தத் தொடர் பாதியில் நின்றது என்கிறார்களே, உண்மையா?

தொடர் நிற்கவில்லை, ஒளிபரப்பிய நிலையம்தான் நின்றது.

ஆர்சிடிவி 1953-இல் தொடங்கிய தனியார் தொலைக்காட்சி. 2002 ஏப்ரலில் அதிபர் ஹியூகோ சாவேஸுக்கு எதிராக நடந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சிக்கு அது துணைபோனது என்று அரசு குற்றம் சாட்டியது. அதன் ஒளிபரப்பு உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டேன் என்று சாவேஸ் அறிவித்தார். 2007 மே 27 நள்ளிரவில் திரை இருண்டது. அப்போது 'மி பிரிமா சியேலா' ஓடிக்கொண்டிருந்தது.

சில வாரங்களுக்குப் பிறகு, ஜூலை மாதம், அதே நிலையம் கேபிள் வழியாக வேறு பெயரில் திரும்ப வந்தது. தொடரும் அங்கே தொடர்ந்தது. ஆனால் கேபிள் இணைப்புக்குப் பணம் கட்ட முடிந்த வீடுகளுக்குத்தான் அது தெரிந்தது. ஆன்டெனாவை நம்பியிருந்த ஏழை வீடுகளில் சியேலாவின் கதை நடுவிலேயே அறுந்துபோனது. அரசியல் காரணங்களைப் பற்றி இரண்டு பக்கமும் நிறையப் பேசிவிட்டார்கள். தினமும் இரவு அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்று காத்திருந்த பாட்டிமாரைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு அதுதான் மனசில் நிற்கிறது.

அதே ஆர்சிடிவிக்காக 2009-இல் 'கயே லூனா, கயே சோல்' (நிலாத் தெரு, சூரியத் தெரு) தொடரிலும் நடித்தார். மறுபடியும் மனுவேல் சோசாதான் நாயகன். 2010 ஜனவரியில் அந்தக் கேபிள் நிலையத்தையும் ஒளிபரப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அவருடைய சிறந்த வேடம் எது?

என்னைக் கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: மிக்காயேலா.

2010-இல் வெனெவிசியோனில் தொடங்கிய 'லா முஹேர் பெர்ஃபெக்தா', அதாவது 'குறையில்லாத பெண்'. எழுதியவர் லெயோனார்தோ பத்ரோன். வெனிசுலாவின் முக்கியமான தொடர் எழுத்தாளர், கவிஞரும்கூட. கதையின் மையம் அழகுக்கான அறுவை சிகிச்சை மோகம். வயது ஏறுவதை ஒப்புக்கொள்ளாத நட்சத்திர நடிகை, கத்தியை நம்பி வாழும் பெண்கள், அவர்களைச் சுற்றி ஒரு பெரிய வியாபாரம். இத்தனை பேருக்கு நடுவில் மிக்காயேலா கோமெஸ் என்ற ஒருத்தி. அவளுக்கு ஆஸ்பெர்ஜர் நிலை. ஆட்டிசம் வகையைச் சேர்ந்தது. 2013-க்குப் பிறகு அமெரிக்க மனநல மருத்துவ வகைப்பாட்டில் தனிப்பெயர் நீக்கப்பட்டு ஆட்டிசத்துக்குள்ளேயே சேர்க்கப்பட்டுவிட்டது. எதிரில் இருப்பவரின் முகக்குறிப்பைப் படிப்பதும், சொல்லுக்குப் பின்னால் இருக்கும் பூடகத்தைப் பிடிப்பதும் இந்த நிலையில் இருப்பவர்களுக்குக் கடினமாக இருக்கும். அப்படிப்பட்ட மிக்காயேலா, ரிக்கார்தோ ஆலமோ நடித்த சந்தியாகோ ரெவெரோன் என்ற பிரபல அழகு அறுவை சிகிச்சை மருத்துவர் மேல் காதல் கொள்கிறாள்.

யார் இந்த வேடத்தில் நடிக்கிறார் என்று பாருங்கள். அழகுத் தொழிற்சாலையின் கிரீடத்தையே தலையில் சூடிய பெண். தெலெநோவெலா நாயகி என்றால் கண்ணாலேயே பாதி வசனம் பேச வேண்டும். பார்வையைப் பார்வையோடு பூட்டுவது, உதடு துடிப்பது, கண் கலங்குவது எல்லாம் அந்தக் கலையின் அடிப்படைக் கருவிகள். மிக்காயேலாவுக்கு அவை எதுவும் உதவாது. எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வேறு ஓர் உடல்மொழியைக் கண்டுபிடித்துத்தான் நடிக்க வேண்டும். மோனிகா அதைச் செய்தார். பார்ப்பவர் பரிதாபப்படும்படி அல்ல, அவள் பக்கம் நின்று மற்றவர்களைப் பார்க்கும்படி செய்தார். ஆஸ்பெர்ஜர் என்ற சொல்லையே அதுவரை கேட்டிராத எத்தனையோ வீடுகளுக்குள் மாலை நேரத்தில் அந்தச் சொல் போய்ச் சேர்ந்தது.

டெலிமுண்டோவுக்கு எப்போது போனார்?

2011-இல். டெலிமுண்டோ அமெரிக்காவில் வாழும் ஸ்பானிஷ் மொழிக்காரர்களுக்கான பெரிய தொலைக்காட்சி. முதலில் 'ஃப்ளோர் சல்வாஹே' (காட்டுப்பூ). எண்ணெய் எடுக்கும் ஓர் ஊர், அங்கே வந்து சேரும் அமாண்டா என்ற பெண், தன் தங்கைகளைக் காப்பாற்றப் பாலியல் தொழிலுக்குள் இறங்க வேண்டிய நிலை. படப்பிடிப்பு கொலம்பியாவில் நடந்தது. எண்ணெய் நகரில் பிறந்த ஒருவர் எண்ணெய் நகரத்துப் பெண்ணாக நடித்தது தற்செயல்தான், ஆனாலும் பொருத்தமாக அமைந்தது.

2013-இல் 'பசியோன் ப்ரோயிபிதா', தடைசெய்யப்பட்ட காதல். ஒரு துருக்கித் தொடரின் மறு ஆக்கம். வயதில் மூத்த செல்வந்தரை மணந்துகொண்டு, அவருடைய உறவுக்கார இளைஞனைக் காதலிக்கும் பியாங்காவாக நடித்தார். ஜோடி ஜென்கார்லோஸ் கனேலா. அதுவே அவருடைய கடைசித் தொடராகிவிட்டது.

குடும்பம்?

திருமணமாகி ஒரு பெண் குழந்தை. கணவர் பிரிட்டிஷ் நாட்டவர். இருவரும் பிரிந்துவிட்டார்கள், ஆனால் மகளுக்காக நல்ல நட்போடு இருந்தார்கள். அந்தக் கடைசி விடுமுறைக்கும் மூன்று பேரும் சேர்ந்துதான் போனார்கள். குழந்தையின் பெயரையோ இப்போது எங்கே இருக்கிறாள் என்பதையோ இங்கே எழுதப் போவதில்லை. கேட்பவர்கள் மன்னிக்க வேண்டும். அவள் பிரபலமாக வேண்டும் என்று எதையும் செய்யவில்லை.

2014 ஜனவரி 6 இரவு என்ன நடந்தது?

மோனிகா அப்போது அமெரிக்காவில் வசித்துவந்தார். புத்தாண்டு விடுமுறைக்குச் சொந்த நாட்டுக்கு வந்து ஊர் சுற்றினார். மலைகள், புல்வெளிகள் என்று போன இடங்களின் படங்களை இணையத்தில் போட்டுக்கொண்டே இருந்தார்.

திரும்பும் வழியில், கராபோபோ மாநிலத்தில், புவெர்த்தோ கபேயோவுக்கும் வலென்சியாவுக்கும் இடையிலான நெடுஞ்சாலையில் இரவு பத்து மணி வாக்கில் காரின் டயர்கள் சேதமாகி வண்டி நின்றது. பழுதான காரை இழுத்துப்போகும் வண்டியும் வந்துவிட்டது. அந்த நேரத்தில் கொள்ளையர்கள் வந்தார்கள். காருக்குள்ளேயே பூட்டிக்கொண்டு இருந்தவர்கள் மீது சுட்டார்கள். மோனிகாவும் முன்னாள் கணவரும் இறந்தார்கள். ஐந்து வயது மகள் காலில் காயத்தோடு உயிர் பிழைத்தாள்.

குற்றவாளிகள் பிடிபட்டார்களா?

ஆம். சில நாட்களிலேயே பலர் கைதானார்கள். பிறகு வழக்கு நடந்து நீண்ட சிறைத் தண்டனைகளும் விதிக்கப்பட்டன. ஆனால் அந்த நாட்டில் நடந்த மற்ற கொலைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வேகம் கிடைத்ததில்லை. அதையும் வெனிசுலா மக்கள் அப்போதே கேட்டார்கள்: பேர் தெரியாத ஒருவர் இறந்திருந்தால்?

ஒரு நடிகையின் மரணம் நாட்டையே உலுக்கியது ஏன்?

ஏற்கெனவே எல்லோர் வீட்டிலும் இருந்த பயத்துக்கு அன்று ஒரு முகம் கிடைத்தது. வெனிசுலா வன்முறைக் கண்காணிப்பகம் என்ற அரசு சாரா அமைப்பு, 2013-இல் மட்டும் 24,763 கொலைகள் நடந்ததாக மதிப்பிட்டது. ஒரு லட்சம் பேருக்கு 79. அரசு சொன்ன கணக்கு ஒரு லட்சத்துக்கு 39. அரசின் கணக்கையே எடுத்துக்கொண்டாலும் உலகின் மிக மோசமான எண்களில் ஒன்று அது. இருட்டிய பிறகு நெடுஞ்சாலையில் போகாதே, வழியில் எதற்காகவும் நிறுத்தாதே என்று குடும்பங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்த காலம். இரண்டு மாதத்துக்கு முன்புதான், 2013 நவம்பரில், கேப்ரியேலா இஸ்லெர் மாஸ்கோவில் பிரபஞ்ச அழகிப் பட்டம் வென்றிருந்தார். அந்தக் கொண்டாட்டத்தின் சூடு ஆறுவதற்குள் இந்தச் செய்தி.

கராகஸில் நடிகர்களும் கலைஞர்களும் வீதிக்கு வந்தார்கள். அதிபர் நிக்கோலஸ் மதுரோ, ஜனவரி 8 அன்று ஆளுநர்களையும் மேயர்களையும் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார். 2013 ஏப்ரல் தேர்தலில் மிகக் குறைந்த வித்தியாசத்தில் மதுரோவிடம் தோற்று, முடிவையே ஏற்காமலிருந்த ஹென்ரிக்கே கப்ரிலேஸும் மிராண்டா மாநில ஆளுநர் என்ற முறையில் அந்தக் கூட்டத்துக்கு வந்தார். இருவரும் கைகுலுக்கிய படம் அன்று பெரிய செய்தி.

அந்த இணக்கம் நீடிக்கவில்லை. அதே மாதத்தில் மதுரோ, தெலெநோவெலாக்கள் வன்முறையைப் பரப்புகின்றன என்று குற்றம் சாட்டினார். கொல்லப்பட்ட தெலெநோவெலா நடிகைக்காக நாடு அழுதுகொண்டிருந்தபோது அந்தப் பேச்சு பலரையும் காயப்படுத்தியது. மிக்காயேலாவைப் பார்த்த எவரும் அதை அப்படியே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பிப்ரவரியில் சான் கிறிஸ்தோபல் நகர மாணவர்கள் பாதுகாப்பு கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். ஒரு மாணவியிடம் நடந்த பாலியல் வன்முறை முயற்சிதான் உடனடிக் காரணம். பொருள் தட்டுப்பாடு, 56 சதவீதத்தைத் தாண்டிய விலைவாசி ஏற்றம் எல்லாம் சேர்ந்துகொள்ள, போராட்டம் நாடெங்கும் பரவியது. சில மாதங்களில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மோனிகாவின் கொலைதான் இதற்குக் காரணம் என்று சொன்னால் அது மிகை. ஆனால் மக்கள் பொறுமை இழந்த அந்த மாதங்களைப் பற்றி யார் எழுதினாலும் அவர் பெயரிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அவரைப் போல அழகிப் பட்டத்திலிருந்து நடிப்புக்கு வந்த வெனிசுலாப் பெண்கள் வேறு யார்?

நிறையப் பேர். 1984 உலக அழகி அஸ்த்ரித் கரோலினா ஹெரேரா, 1985 போட்டியில் பங்கேற்ற ரூடி ரொத்ரிகெஸ், 1996 பிரபஞ்ச அழகி அலிசியா மசாதோ ஆகியோர் தொடர்களில் பேர் வாங்கியவர்கள். எல்லோரும் நடிப்புக்குத்தான் போனார்கள் என்றும் சொல்ல முடியாது. 1981 பிரபஞ்ச அழகி இரேனே சாயெஸ் கராகஸின் சக்காவோ பகுதிக்கு மேயராகி, 1998-இல் சாவேஸை எதிர்த்து அதிபர் தேர்தலிலேயே நின்றார்.

எந்தத் தொடரிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

'லா முஹேர் பெர்ஃபெக்தா'விலிருந்து. ஸ்பானிஷ் தெரியாவிட்டால் முதல் சில அத்தியாயங்கள் தடுமாற்றமாக இருக்கும். ஆனால் மிக்காயேலா வரும் காட்சிகளுக்கு மொழி பெரிய தடை இல்லை. அப்புறம் 'மி பிரிமா சியேலா'. 'பசியோன் ப்ரோயிபிதா'வைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பில் அதுதான் பளபளப்பானது, ஆனால் பியாங்கா வேடத்தில் அழகு தேவைப்பட்ட அளவுக்கு நடிப்பு தேவைப்படவில்லை. மிக்காயேலாவை முதலில் பார்த்துவிட்டால், பியாங்காவிடமும் அந்த நடிகையைத் தேடிக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.